சீட்டில் எழுதுவது யார்? காக்னிட்டோவின் மெஷின் டோக்கனில் கூடுதல் கிளெய்ம்: ஒன்பது மாத அனுபவம்

திருப்பூரில் பின்னலாடை ஜாப் வொர்க் யூனிட்டுகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நாலு பேர் குழு எங்களுடையது. சர்வர் பக்க வேலை முழுக்க என் பொறுப்பு. நிட்டிங் (பின்னுவது), டையிங் (சாயம் போடுவது), காம்பேக்டிங் (துணியை அழுத்திப் பதமாக்குவது) என்று துணி போகிற இடங்களில் எல்லாம் எடை மெஷினுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். ரோலை மேடையில் வைத்ததும் எடையைப் படித்து எங்கள் ஏபிஐக்கு, அதாவது செய்திகளை வாங்கும் சர்வர் வாசலுக்கு, அனுப்பிவிடும். இப்போது 62 பெட்டிகள் ஓடுகின்றன. பெட்டிக்குப் பின்னால் யாரும் உட்கார்ந்து பாஸ்வேர்ட் அடிக்கப் போவதில்லை. மெஷின்தான் மெஷினிடம் தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அமேசானின் காக்னிட்டோ என்ற அடையாளச் சரிபார்ப்புச் சேவையைப் பயன்படுத்துகிறோம்.

காக்னிட்டோ மெஷின்களுக்குக் கொடுக்கும் ஆக்சஸ் டோக்கனில், அதாவது அனுமதிச் சீட்டில், நாமே கூடுதல் கிளெய்ம், அதாவது கூடுதல் தகவல், சேர்க்கும் வசதி 2025இல் வந்தது. நான் எழுதப்போவது அந்த ஒரு வசதியைப் பற்றி மட்டும். காக்னிட்டோ முழுவதையும் எடை போட ஒரு கட்டுரை போதாது. இந்த வசதி மட்டும் எங்கள் வேலையை அந்த அளவுக்கு மாற்றியது. தவறாகப் பயன்படுத்தியபோது எங்களை நன்றாக மாட்டவும் வைத்தது.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக அடிப்படையை எங்கள் ஊர் வழக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். துணி ஒரு யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கூடவே டி.சி. எனும் டெலிவரி சலான் போகும். எத்தனை ரோல், என்ன எடை, யாருடைய துணி, எங்கிருந்து எங்கே என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். கீழே அனுப்புகிறவர் கையெழுத்து. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணன் ஒவ்வொரு வண்டிக்கும் ஓனருக்குப் போன் போட்டுக் கேட்பதில்லை. சீட்டைப் பார்க்கிறார், கையெழுத்தைப் பார்க்கிறார், வண்டியை உள்ளே விடுகிறார்.

ஆக்சஸ் டோக்கன் செய்வதும் இதைத்தான். காக்னிட்டோ கொடுப்பது ஜேடபிள்யூடி வடிவ டோக்கன். 2015இல் ஆர்எஃப்சி 7519 என்ற எண்ணில் தரமாக்கப்பட்ட வடிவம். புள்ளி வைத்துப் பிரித்த மூன்று துண்டுகள் இருக்கும்: தலைப்பு, உள்ளடக்கம், கையெழுத்து. நடுத்துண்டில் உள்ள ஒவ்வொரு தகவலுக்கும் கிளெய்ம் என்று பெயர். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எப்போது காலாவதி ஆகும் என்பவை எல்லாம் வழக்கமான கிளெய்ம்கள். டோக்கன் வாங்குகிற சர்வர் கையெழுத்தைச் சரிபார்த்தால் போதும். கொடுத்தவரிடம் ஒவ்வொரு முறையும் திரும்பப் போய்க் கேட்க வேண்டியதில்லை.

மனிதர் இல்லாமல் மெஷின் மட்டும் டோக்கன் வாங்கும் முறைக்கு கிளையன்ட் கிரெடென்ஷியல்ஸ் என்று பெயர். ஓஆத் 2.0 தரமான ஆர்எஃப்சி 6749இல், 2012லேயே இருக்கிறது. பெட்டி தன் கிளையன்ட் ஐடியையும் ரகசியச் சாவியையும் காட்டும், டோக்கன் வரும். காக்னிட்டோவில் இதற்கு ஒரு யூசர் பூல் (அடையாளங்களை வைக்கும் தொகுப்பு), அதற்கு ஒரு டொமைன், ரகசியச் சாவியோடு கூடிய ஆப் கிளையன்ட் (பெட்டிக்கான பதிவு), ரிசோர்ஸ் சர்வர் ஒன்று (நம் ஏபிஐக்கான பதிவு), அதில் ஸ்கோப்புகள் (என்னென்ன செய்யலாம் என்ற அனுமதிகள்) எல்லாம் வேண்டும். அரை நாளில் அமைத்துவிடலாம்.

பிரச்சினை, வருகிற டோக்கனில் என்ன இருக்கிறது என்பதில்தான். கிளையன்ட் ஐடி இருக்கும், ஸ்கோப் இருக்கும், காலாவதி நேரம் இருக்கும். மனிதர் யாரும் இல்லாததால் 'சப்' என்ற கிளெய்மிலும் அதே கிளையன்ட் ஐடிதான் இருக்கும். எனக்கு வேண்டிய கேள்விக்கு அதில் பதில் இல்லை: இது எந்த யூனிட்டின் பெட்டி? டையிங்கில் நிற்கிறதா, காம்பேக்டிங்கில் நிற்கிறதா? கேட்டில் நிற்பவருக்கு லாரி நம்பர் மட்டும் எழுதிய சீட்டைக் கொடுத்தது போல.

இந்த வசதி வருவதற்கு முன்பு இரண்டு வழிகளில் சமாளித்தோம். முதல் வழி, ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் கிளையன்ட் ஐடியை எடுத்து அமேசானின் டைனமோடிபி தரவுத்தள அட்டவணையில் தேடி யூனிட்டைக் கண்டுபிடிப்பது. வேலை செய்யும். ஆனால் ரோல் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒவ்வொரு பெட்டியும் 20 விநாடிக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பும். ஒரு பெட்டிக்கு நாளைக்கு 4,320 செய்தி. 62 பெட்டிக்கு 2,67,840. அத்தனைக்கும் மாறாத ஒரே பதிலைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது வழி, ஸ்கோப்பையே வளைப்பது. யூனிட் 17க்கு ஒரு ஸ்கோப், 23க்கு ஒரு ஸ்கோப் என்று உருவாக்கினால் அது டோக்கனில் தானாக வந்துவிடும் இல்லையா? கொஞ்ச நாள் அப்படிச் செய்தோம். ஒரு ரிசோர்ஸ் சர்வரில் 100 ஸ்கோப் வரைதான் வைக்கலாம் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சங்கடம், ஸ்கோப்பின் அர்த்தமே கெட்டுப்போனது. எடை எழுதலாம், எடையைப் படிக்கலாம் என்று அனுமதியைச் சொல்லத்தான் ஸ்கோப். அதில் ஆளின் அடையாளத்தைத் திணித்தால் ஆறு மாதம் கழித்து நாம் எழுதிய புரோகிராம் கோடு நமக்கே புரியாது. அந்தத் தவறைச் செய்ததால் சொல்கிறேன், அந்த வழிக்குப் போகாதீர்கள்.

காக்னிட்டோவில் ஆக்சஸ் டோக்கனை மாற்றியமைக்கும் வசதி 2023 டிசம்பரிலேயே வந்தது. ஆனால் அது மனிதர்கள் உள்நுழையும்போது கிடைக்கும் டோக்கனுக்கு மட்டும்தான். மெஷின்களுக்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டோக்கன் உருவாகும் முன்பு, நாம் எழுதி அமேசானில் வைத்த சிறு புரோகிராமான லாம்டா ஃபங்ஷன் ஒன்றை காக்னிட்டோ கூப்பிடும். டிரிகர் எனப்படும் இந்த அழைப்பின் மூன்றாம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் மெஷின் டோக்கனுக்கும் கூப்பிடும். காக்னிட்டோவின் எசென்ஷியல்ஸ் அல்லது பிளஸ் கட்டணத் திட்டத்தில் இருக்க வேண்டும். லைட் திட்டத்தில் இது கிடையாது. இதைப் பார்க்காமல் தொடங்கினால் அரை நாள் போய்விடும்.

லாம்டாவுக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். எந்த கிளையன்ட் கேட்கிறது, எந்த ஸ்கோப்புகளைக் கேட்கிறது, கூடவே அந்த கிளையன்ட் தானாகச் சேர்த்து அனுப்பிய கூடுதல் தகவலான மெட்டாடேட்டா. திரும்ப நாம் எந்த கிளெய்மைச் சேர்க்கலாம், எதை மறைக்கலாம், எந்த ஸ்கோப்பைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று சொல்லலாம். கிளெய்மின் மதிப்பு வெறும் எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எண், பட்டியல், உள்ளுக்குள் உள்ள அமைப்பு எதையும் வைக்கலாம். டிரிகரின் முதல் பதிப்பில் வேலை செய்தவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று தெரியும். கொடுத்தவர் யார், காலாவதி எப்போது, கிளையன்ட் ஐடி என்ன என்பவற்றைத் தொட விடாது. அது சரியான முடிவு.

எங்கள் டோக்கனில் மூன்று கிளெய்ம் சேர்க்கிறோம்: யூனிட் எண், வேலையின் கட்டம், பெட்டியின் வரிசை எண். லாம்டாவின் கோடு நாற்பது வரிகூட இல்லை. முதல் டோக்கனைப் பிரித்துப் பார்த்து அதில் எங்கள் யூனிட் எண்ணைக் கண்டபோது மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஏபிஐ பக்கம் இருந்த தேடல் கோடு அத்தனையையும் அன்றே அழித்தேன்.

சரி, இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

ஆறு பெட்டிகளோடு சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு திங்கட்கிழமை காலை, டையிங் யூனிட் ஓனர் ஒருவரிடமிருந்து போன். அறுபது வயதுக்காரர், எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். "ஏங்கண்ணு, எங்க மெஷின்ல ஏத்தாத துணி எங்க கணக்குல எப்படி வந்துச்சு?" என்றார். "பார்த்துச் சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டு லாக்கைத் திறந்தேன். எல்லாம் பச்சை. ஒவ்வொரு டோக்கனின் கையெழுத்தும் சரி. காலாவதியான டோக்கன் ஒன்றுகூட இல்லை. ஒரு பிழையும் பதிவாகவில்லை. ஆனால் அவர் கணக்கில் 46 ரோல், 1,140 கிலோ துணி கூடுதலாக ஏறியிருந்தது. வேறொரு யூனிட்டின் கணக்கில் அதே 1,140 கிலோவைக் காணோம்.

பிற்பகல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இரண்டு யூனிட்டுக்கும் போனேன். சூப்பர்வைசர் அண்ணனோடு உட்கார்ந்து டி.சி. கட்டைப் பிரித்து ரோல் ரோலாக ஒத்துப் பார்த்தோம். சாயங்காலம் ஆறு மணிக்குக் காரணம் கிடைத்தது. புதிய பெட்டி ஒன்றைத் தயார் செய்யும்போது பழைய பெட்டியின் மெமரி கார்டை அப்படியே நகல் எடுத்திருக்கிறோம். கிளையன்ட் ஐடியும் ரகசியச் சாவியும் புதிதாக எழுதப்பட்டுவிட்டன. ஆனால் அமைப்புக் கோப்பில் யூனிட் எண் பழையதாகவே, 17 என்றே இருந்துவிட்டது. பெட்டி டோக்கன் கேட்கும்போது அந்த எண்ணை மெட்டாடேட்டாவாக அனுப்பியது. நான் எழுதிய லாம்டா அதை வாங்கி அப்படியே கிளெய்மாக வைத்தது. காக்னிட்டோ கையெழுத்துப் போட்டது.

யோசித்துப் பார்த்தால் நடந்தது இதுதான். சீட்டு வாங்க வந்தவரிடமே பேனாவைக் கொடுத்து, 'எந்த யூனிட் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், நான் கீழே கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்லியிருக்கிறேன். இங்கே பெட்டி தெரியாமல் தவறாக எழுதியது. கெட்ட எண்ணம் உள்ளவர் கையில் ஒரு பெட்டியின் சாவி கிடைத்திருந்தால், வேண்டுமென்றே எந்த யூனிட்டின் பெயரையும் எழுதிக்கொண்டு உள்ளே வந்திருக்கலாம். கையெழுத்து சரியாக இருப்பதால் ஏபிஐயும் கதவைத் திறந்திருக்கும். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இதில் காக்னிட்டோவின் பங்கு ஒன்றும் இல்லை. கிளையன்ட் மெட்டாடேட்டாவை நாங்கள் சரிபார்ப்பதில்லை என்று ஆவணத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். படித்தேன், ஆனால் அதன் கனம் புரியவில்லை. மெட்டாடேட்டாவை கிளெய்மாக்கும் மாதிரிக் கோடுகள் பார்க்க எளிமையாக இருக்கும். முதல் நாளே பலன் தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது தன் லாம்டாவைத் திறந்து அந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்தால் எனக்குப் போதும்.

திருத்தம் எளிமையானது. லாம்டாவுக்கு வரும் தகவல்களில் கிளையன்ட் ஐடி மட்டும் வேறு ரகம். ரகசியச் சாவியைச் சரிபார்த்த பிறகே காக்னிட்டோ அதை நம்மிடம் தருகிறது. அதைச் சாவியாக வைத்து எங்கள் அட்டவணையில் தேடுகிறோம். எந்தப் பெட்டி எந்த யூனிட்டில், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பெட்டியைப் பொருத்தும் நாளில் எங்கள் ஆள் நேரில் நின்று அந்த அட்டவணையில் ஏற்றுகிறார். அங்கே இருப்பதுதான் கிளெய்மாகும். அட்டவணையில் இல்லாத கிளையன்ட் வந்தால் லாம்டா பிழை எழுப்பும்; டோக்கன் கிடைக்காது. பெட்டி தன்னைப் பற்றிச் சொல்லும் யூனிட் எண்ணை இப்போதும் வாங்குகிறோம், ஆனால் ஒத்துப் பார்க்க மட்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் என் போனுக்கு எச்சரிக்கை வரும். இந்த ஒன்பது மாதத்தில் மூன்று முறை வந்தது. மூன்றும் நகல் எடுத்த கார்டுகள்தான். துணி ஒரு கிலோகூட இடம் மாறவில்லை.

அப்புறம், தேடல் எங்கே போனது என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் கோரிக்கைக்கு ஒன்று என்பது போய் டோக்கனுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. டோக்கனின் ஆயுள் ஒரு மணி நேரம். பெட்டி 55ஆவது நிமிடத்தில் புதுப்பித்துக்கொள்ளும். 62 பெட்டிக்கும் சேர்த்து நாளைக்குச் சுமார் 1,600 டோக்கன். 2,67,840 எங்கே, 1,600 எங்கே! ஏபிஐ தன் வேலையை மட்டும் பார்க்கிறது.

செலவுக்கும் இதே கணக்குதான். மெஷின் டோக்கனுக்கு காக்னிட்டோ கோரிக்கை எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வாங்குகிறது. ஆகவே வாங்கிய டோக்கனைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு காலாவதி வரை பயன்படுத்துவது கட்டாயம். ஒவ்வொரு செய்திக்கும் புது டோக்கன் கேட்கும் கோடு ஒன்று எங்கேயாவது ஒளிந்திருந்தால் மாதக் கடைசியில் பில் காட்டிக் கொடுக்கும். இந்த முறையில் பழையதைப் புதுப்பிக்க உதவும் ரெஃப்ரெஷ் டோக்கன் கிடையாது, தேவையும் இல்லை. பெட்டி சாவியைக் காட்டிப் புதிதாக வாங்கிக்கொள்ளும்.

ஆயுளை 5 நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் வரை வைக்கலாம். செலவு குறையும் என்று 24 மணி நேரம் வைக்க ஆசை வரும். வேண்டாம். டோக்கனில் எழுதிய கிளெய்ம் அந்த டோக்கன் செத்துப்போகும் வரை மாறாது. ஒரு யூனிட்டில் பெட்டியை டையிங்கிலிருந்து காம்பேக்டிங்குக்கு மாற்றினார்கள். அட்டவணையை உடனே திருத்திவிட்டோம். ஆனால் கையில் இருந்த டோக்கன் இன்னும் 'டையிங்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சாயம் போட்ட பிறகு எடை குறைவது வழக்கம். எந்தக் கட்டத்தில் எவ்வளவு குறைந்தது என்பதில்தான் ஜாப் வொர்க் கணக்கே நிற்கிறது. அதனால் இப்போது கட்டம் மாற்றினால் பெட்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிடுகிறோம்; புதிய டோக்கன் வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும்.

இதே காரணத்தால் அடிக்கடி மாறும் எதையும் கிளெய்மாக வைப்பதில்லை. சந்தா பாக்கி இருக்கிறதா என்பதை வைக்கலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். பணம் கட்டிய ஓனர் ஒரு மணி நேரம் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பார் என்று மறுத்துவிட்டேன். அதை இன்றும் ஏபிஐதான் நேரடியாகப் பார்க்கிறது.

ஜிஎஸ்டி எண்ணையும் கிலோவுக்கான ரேட்டையும் வைக்கலாம் என்று இன்னொரு யோசனை வந்தது. அதற்கும் மறுப்புதான். டோக்கனின் உள்ளடக்கம் பூட்டிய பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அது பேஸ்64 முறையில் எழுத்து மாற்றியது மட்டுமே. கையில் கிடைத்தவர் யாரும் ஒரு வரிக் கோடில் படித்துவிடலாம். கையெழுத்து, மாற்றி எழுதுவதைத் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது. திருப்பூரில் பக்கத்து யூனிட்டின் ரேட் தெரிந்துபோவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உண்மையான டோக்கனை ஏதோ ஒரு இணையதளத்தில் ஒட்டிப் பிரித்துப் பார்க்காதீர்கள். அது உயிருள்ள சீட்டு. உங்கள் கம்ப்யூட்டரிலேயே பிரித்துப் பாருங்கள்.

லாம்டா எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். காக்னிட்டோ அதன் பதிலுக்காகக் காத்திருக்கும். 5 விநாடிக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி கூப்பிடும். மூன்று முறை தவறினால் அவ்வளவுதான், டோக்கன் இல்லை. சாதாரண நாளில் எங்கள் லாம்டாவுக்கு இதில் நூறில் ஒரு பங்கு நேரம்கூட வேண்டாம். கவலை, கரண்ட் போய் வரும் நேரம் பற்றித்தான். ஒரு ஃபீடரில் உள்ள யூனிட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே நொடியில் கரண்ட் வரும். அத்தனை பெட்டிகளும் ஒரே நொடியில் டோக்கன் கேட்கும். அதற்காகப் பெட்டி ஸ்டார்ட் ஆனதும் 0 முதல் 90 விநாடி வரை ஏதோ ஒரு நேரம் காத்திருக்கும்படி எழுதினோம். கரண்ட் வந்த உடனே யாரும் ரோலை மேடையில் வைப்பதில்லை, அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அந்த லாம்டாவுக்குள் தேவையற்ற லைப்ரரி ஒன்றையும் சேர்க்கவில்லை. தேடுவது ஒரு அட்டவணை, கொடுப்பது மூன்று கிளெய்ம். அதோடு சரி.

இந்த டிரிகர் ஒரு யூசர் பூலுக்கு ஒன்றுதான். ஒரே பூலில் மனிதர்களும் மெஷின்களும் இருந்தால் இருவருக்கும் அதே லாம்டாதான் ஓடும். கிளையன்ட் கிரெடென்ஷியல்ஸ் வழியாக வந்ததா என்று உள்ளே பார்த்துப் பிரிக்கலாம். அதற்கான அடையாளம் கோரிக்கையிலேயே வருகிறது. ஆனாலும் நாங்கள் இரண்டு பூலாகப் பிரித்துவிட்டோம். பெட்டிகளுக்காக நான் எழுதும் ஒரு வரியில் தவறு நேர்ந்தால், யூனிட்டில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா காலையில் உள்நுழைய முடியாமல் தவிக்கக் கூடாது.

ஏபிஐ பக்கம் ஒரு வார்த்தை. காக்னிட்டோவின் ஆக்சஸ் டோக்கனில் இயல்பாக 'ஆட்' என்ற கிளெய்ம், அதாவது இந்தச் சீட்டு யாரிடம் காட்டுவதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற தகவல், இருக்காது. ஜேடபிள்யூடி ஆக்சஸ் டோக்கனுக்கான 2021ஆம் ஆண்டுத் தரம், ஆர்எஃப்சி 9068, அதைக் கட்டாயம் என்கிறது. இந்த ஒரு இடத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அமேசானின் ஏபிஐ கேட்வே சேவையில் தயாராகக் கிடைக்கும் ஜேடபிள்யூடி சோதனை, 'ஆட்' இல்லாவிட்டால் கிளையன்ட் ஐடியைப் பார்க்கும். அப்படியானால் ஒவ்வொரு பெட்டியின் ஐடியையும் அங்கே பட்டியலில் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டிகள் கூடிக்கொண்டே போகும் எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. அதனால் சோதனையை எங்கள் கோடிலேயே வைத்திருக்கிறோம்: கையெழுத்து, கொடுத்தவர், காலாவதி, இது ஆக்சஸ் டோக்கன்தானா, ஸ்கோப் இருக்கிறதா, கடைசியாக யூனிட் கிளெய்ம் இருக்கிறதா. யூனிட் கிளெய்ம் இல்லாத டோக்கன் மற்ற எல்லாவற்றிலும் சரியாக இருந்தாலும் 403, அதாவது அனுமதி மறுப்புதான். லாம்டா இணைப்பை யாராவது தவறுதலாக எடுத்துவிட்டால் டோக்கன்கள் வெறுமையாக வரத் தொடங்கும். அப்போது கதவு திறந்து கிடக்காமல் மூடிக்கொள்ள வேண்டும்.

மற்ற வழிகளையும் பார்த்துவிட்டுத்தான் இதில் நின்றோம். காக்னிட்டோ போன்ற இன்னொரு சேவையான ஆத்0வில் மெஷின் டோக்கனுக்கு என்றே தனியாக ஒரு ஆக்‌ஷன் டிரிகர் இருக்கிறது. அப்ளிகேஷனுக்கு நாம் எழுதி வைக்கும் மெட்டாடேட்டாவை அதில் எடுத்து கிளெய்மாக்கலாம். அந்த மெட்டாடேட்டாவை எழுதுவது நிர்வாகி, கேட்க வரும் மெஷின் இல்லை. நான் பட்ட பாட்டுக்குப் பிறகு இந்த வேறுபாட்டை மிகவும் மதிக்கிறேன். பெயர் ஒன்றுதான், பேனா பிடிக்கும் கை வேறு.

இதே வேலையைச் செய்யும் கீகிளோக் மென்பொருள் இலவசம், திறந்த மூலம். கிளையன்ட்டுக்கு ஒரு மேப்பரைச் சேர்த்து நிலையான கிளெய்மை எழுதிவிடலாம், ஒரு வரிக் கோடுகூட வேண்டாம். டோக்கன் எப்படி வரும் என்று நிர்வாகப் பக்கத்திலேயே முன்னோட்டம் பார்க்கலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. சர்வரை நாமே பராமரிக்க வேண்டும் என்பதுதான் நாலு பேர் குழுவுக்குச் சுமை. பராமரிக்க ஆள் இருக்கிற நிறுவனமாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள் என்பேன். மைக்ரோசாஃப்ட் என்ட்ராவில் மெஷினுக்கு ஆப் ரோல் கொடுத்தால் அது டோக்கனில் 'ரோல்ஸ்' கிளெய்மாக வரும். அனுமதியைச் சொல்ல அது நன்றாக இருக்கும். எங்களுக்கு வேண்டியது யூனிட் எண்.

எங்கள் மற்ற எல்லாம் ஏற்கெனவே அமேசானில், மும்பை ரீஜனில் ஓடுகின்றன. லாம்டாவும் டைனமோடிபியும் கைக்குப் பழகியவை. அந்த நிலையில் இருக்கிறவர்களுக்கு இந்த வசதியைத் தயங்காமல் சொல்வேன். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது 'ஆட்' விஷயத்துக்காக. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்: உங்களிடம் இரண்டு மூன்று மெஷின்கள் மட்டும், அவையும் ஒரே நிறுவனத்துக்குள் என்றால் இது எதுவும் வேண்டாம். கிளையன்ட் ஐடியை வைத்து ஏபிஐயிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பல வாடிக்கையாளர்களின் தரவு ஒரே கூரையின் கீழ் இருக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

போன வாரம் அந்த டையிங் ஓனர் இரண்டாவது பெட்டி கேட்டார். பொருத்தப் போயிருந்தேன். கிளையன்ட் ஐடியை அட்டவணையில் ஏற்றி, யூனிட் 17, கட்டம் டையிங் என்று என் கையாலேயே எழுதினேன். முதல் ரோலை ஏற்றினார்கள். 24 கிலோ 600 கிராம். அவர் தன் போனில் கணக்கைத் திறந்து, மேடையின் திரையையும் போனையும் இரண்டு முறை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "சரிங்கண்ணு, அடுத்த ரோலை ஏத்தச் சொல்றேன்" என்றார்.